புகைக்குழாயின் நீரும் கரியும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவை அடுத்து, ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த இரண்டு ஊர்கள் இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் ஆகும். முன்னது பஞ்சாலைகளால் பெயர் பெற்றது. பின்னது ஆண்டாள் அவதரித்த பதி, பதினொரு நிலைக் கோபுரத்தாலும் பால்கோவாவாலும் நாடறிந்தது. கொல்லத்திலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே செங்கோட்டைக்கு இறங்கி, தென்காசியைக் கடந்து திருமங்கலம் வரை செல்லும் நெடுஞ்சாலை இவ்விரண்டு ஊர்களையும் இணைக்கின்றது. அச்சாலையில் பேருந்துகளும், மரமும் சிமெண்டும் பஞ்சுப் பொதியும் ஏற்றிய லாரிகளும் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை டீசல் எண்ணெயால் இயங்குவன.

மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில், இரவெல்லாம் நின்ற வண்டி ஒன்றை ஓட்டுநர் கிளப்பும்போது அதன் புகைக்குழாயை உற்று நோக்குபவர் ஒன்றைக் காண்பர். குழாயின் வாயிலிருந்து நீர் சொட்டும். அந்நீர் தெளிந்ததாக இராது; மை கரைத்தது போன்று கறுத்திருக்கும். தரையில் விழுந்த துளிகள் உலர்ந்தபின் கரும்புள்ளிகளாக நிற்கும். இதனைக் காண்பவர் பலர் நீரைக் கண்டு அஞ்சுவர். கரியைக் கண்டால், 'டீசல் வண்டி புகைப்பது இயல்புதானே' என்று சும்மா இருந்துவிடுவர். எஞ்சினுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்று கருதி, நல்ல நிலையில் உள்ள வண்டியைப் பணிமனையில் விட்டுப் பிரித்துப் பார்க்கச் செய்து பொருளை இழந்தாரும் உளர். உண்மை இதற்குப் பெரிதும் மாறானது. அந்நீர் பெரும்பாலும் தீங்கற்றது. கரியோ எஞ்சினுக்கும் கேடு. அதனருகில் மூச்சு விடுவோருக்கும் கேடு. இவ்விரண்டும் எங்கிருந்து பிறக்கின்றன என்று அறிந்தால் எதற்குக் கவலைப்பட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

எரியும் பொருளிலிருந்து நீர் உண்டாகும் என்பது கேட்பதற்கு வியப்பாகத் தோன்றலாம். தீயும் நீரும் பகை என்றே உலகம் பேசுகின்றது. ஆனால் சமையலறையில் நாள்தோறும் இது நிகழ்கின்றது. குளிர்ந்த நீர் நிறைந்த பாத்திரத்தை எரிவாயு அடுப்பின்மேல் வைத்தவுடன், அதன் அடிப்புறத்தில் முத்து முத்தாக நீர் துளிர்க்கும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று இல்லத்தார் தூக்கிப் பார்ப்பதும் உண்டு. பாத்திரம் ஒழுகவில்லை. எரிவாயுவில் அடங்கிய ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீராவியாகி, குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகின்றது. சிறிது நேரத்தில் பாத்திரம் சூடேறியதும் துளிகள் மறைந்துவிடும். ஹைட்ரஜன் என்னும் பெயருக்கே கிரேக்க மொழியில் நீரைப் பிறப்பிப்பது என்று பொருள்.

இங்கிலாந்து நாட்டு அறிஞர் மைக்கேல் பாரடே, 1848ஆம் ஆண்டிலும் பின்னர் 1860ஆம் ஆண்டின் இறுதியிலும் இலண்டன் இராயல் நிறுவனத்தில் இளையோர்க்கு ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றிச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பனிக்கட்டியும் உப்பும் இட்ட கலத்தைச் சுடரின்மேல் பிடித்து, கலத்தின் அடியில் நீர் துளித்துத் தொங்குவதை அவர் காட்டினார். அச்சுடரிலேயே கரியும் இருப்பதை எடுத்துக்காட்டினார். மெழுகுவர்த்தி மஞ்சளாக ஒளிர்வது, அதனுள் மிதக்கும் நுண்ணிய கரித்துகள்கள் பழுக்கக் காய்ந்து ஒளி வீசுவதனாலேயாம். ஆகவே நீரும் கரியும் ஒரே தீயில் பிறந்த உடன்பிறப்புகள் எனலாம். மெழுகும் டீசல் எண்ணெயும் இனத்தால் நெருங்கியவை. இரண்டும் கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களால் ஆனவை.

டீசல் எண்ணெயின் கணக்கு இன்னும் வியப்பானது. ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறத்தாழ 830 கிராம். அதில் நூற்றுக்கு 13 பங்குக்குச் சற்று மேல் ஹைட்ரஜன். எஞ்சியதெல்லாம் அநேகமாகக் கரியே. ஒரு பங்கு ஹைட்ரஜன் எரிந்தால் எடையில் ஒன்பது பங்கு நீர் உண்டாகும். எனவே ஏறத்தாழ 110 கிராம் ஹைட்ரஜனிலிருந்து ஒரு கிலோகிராம் அளவு நீர் பிறக்கின்றது. அதாவது ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர்! கரியோ முழுவதும் எரிந்தால் 2.6 கிலோகிராம் கரியமிலவாயுவாக மாறும். உள்ளே சென்ற எண்ணெயைவிட வெளியே வருவன எடை மிகுந்திருப்பது எவ்வாறு என்னும் ஐயம் எழலாம். ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 12 கிலோகிராம் காற்று வேண்டும். மிகுந்த எடை அக்காற்றின் பிராணவாயு தந்ததே. லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடும் ஒரு பேருந்து, இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் சேர்வதற்குள் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட நீரைச் சாலையெங்கும் ஊதிவிட்டுச் செல்கின்றது. எவர் கண்ணிலும் அது படுவதில்லை. வெப்பமான புகையில் நீராவி கண்ணுக்குப் புலப்படாத வாயுவாகவே இருக்கும். சமவெளியின் வெப்பத்தில் அது வெளிக் காற்றோடு கலந்து மறைந்துவிடும். உதகையிலோ கொடைக்கானலிலோ தை மாத விடியலில் அதே வண்டி நின்றால் வெண்முகில் போன்ற ஆவி குழாயின் பின்னே எழுந்து கலைவதைக் காணலாம்.

புகை செல்லும் குழாயும், அதன் நடுவே ஒலியை அடக்குவதற்காக அமைந்த சைலன்சரும் குளிர்ந்திருக்கும்பொழுது மட்டும் நீராவி வழியிலேயே நீராகின்றது. குழாயின் வெப்பம், வண்டியின் நிலைக்கேற்ப ஏறத்தாழ 30 முதல் 50 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் போதும். உட்சுவரில் நீர் படியும். வண்டி நன்கு ஓடிச் சூடேறினால், தங்கிய நீர் மீண்டும் ஆவியாகி வெளியேறிவிடும். கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் வண்டியில் அது வெளியேற வாய்ப்பில்லை. சைலன்சரின் அடியில் குட்டை போலத் தேங்கி நிற்கும். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து அந்நீரோடு சேர்ந்தால் கந்தக அமிலமாகும்; இரும்பை அரிக்கும். 1990ஆம் ஆண்டை ஒட்டி இந்திய டீசலில் எடையில் நூற்றில் ஒரு பங்கு வரை கந்தகம் இருக்க இடம் தரப்பட்டிருந்தது. 2020ஆம் ஆண்டு முதல் அவ்வளவு பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. ஆயிரத்தில் ஒன்றாகியது என்க. சைலன்சர் துருப்பிடிப்பது அதனால் முற்றும் நின்றுவிடவில்லை. நீர் தேங்கினால் கந்தகம் இல்லாமலும் இரும்பு துருவேறும்.

இனிக் கரியின் வரலாற்றைக் காண்போர், எஞ்சினின் உள்ளே செல்ல வேண்டும். டீசல் எஞ்சினைக் கண்டவர் உருடால்பு டீசல் என்னும் செர்மானியப் பொறியாளர். 1858ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பிறந்த அவர், 1892ஆம் ஆண்டில் தம் கருத்துக்கு உரிமைப்பட்டயம் கோரினார். 1897ஆம் ஆண்டில் ஆக்சுபர்க்கு நகரத் தொழிற்சாலையில் அவருடைய எஞ்சின் வெற்றியோடு ஓடியது. அந்நகரமும் இராசபாளையத்தைப் போன்றே நூலாலும் நெசவாலும் செழித்த ஊர் என்பது இங்கு நினைத்தற்குரியது. டீசல் எஞ்சினுள் முதலில் காற்று மட்டுமே இழுக்கப்படும். பிஸ்டன் மேலெழுந்து அதனை முன்னிருந்த இடத்தில் பதினாறில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ ஆகும்படி நெருக்கும். நெருக்குண்ட காற்று 500 பாகைக்கு மேல் சூடேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவது இதனாலேயே. அக்கொதிக்கும் காற்றினுள் நாசில் வழியாக எண்ணெய் பனிச்சாரலாய்ப் பீய்ச்சப்படும். தீப்பொறியின் உதவியின்றித் தானே பற்றிக்கொள்ளும்.

இங்கேதான் கரி பிறக்கின்றது. பீய்ச்சப்பட்ட சாரலின் வெளிப்புறம் காற்றை நன்கு தழுவி எரிகின்றது. சாரலின் நடுவிலோ எண்ணெய் மிகுதி, காற்றுக் குறைவு; ஆனால் வெப்பம் மிகுதி. அவ்விடத்தில் எண்ணெயின் மூலக்கூறுகள் எரிய வழியின்றிச் சிதைகின்றன. ஹைட்ரஜன் பிரிந்து செல்ல, கரியணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துத் தகடாகி, தகடுகள் சேர்ந்து உருண்டைகளாகி, உருண்டைகள் கோத்த மணிமாலை போல நீள்கின்றன. ஓர் உருண்டையின் குறுக்களவு மனிதத் தலைமயிரின் கனத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கே. இவ்வாறு பிறந்த கரியில் பெரும்பகுதி, சிறிது பிந்திக் காற்றைச் சந்தித்து எஞ்சினுள்ளேயே எரிந்துவிடுகின்றது. எரியாது தப்பியதே கரும்புகை. வெளிவரும் வழியில் குளிர்ந்த குழாயில் படிந்த நீர் இத்துகள்களைத் தன்னோடு கழுவிக்கொண்டு ஒழுகுவதால் துளி கறுக்கின்றது. சிறிதளவு கரி போதும், ஒரு செம்பு நீரையும் மையாக்க.

மை என்று சொன்னது வெறும் உவமையன்று. தமிழ்நாட்டு மகளிர் முற்காலத்தில் ஆமணக்கெண்ணெய் விளக்கின் சுடருக்கு மேல் தட்டைக் கவிழ்த்து, அதில் படிந்த கரியை வழித்தெடுத்துக் கண்மை செய்தனர். ஓலைச்சுவடியில் எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்குத் துலங்கும்பொருட்டு, விளக்குக் கரியைத் தடவித் துடைத்தனர். நீரில் கரையாமை, வெயிலில் வெளிறாமை, ஆண்டுகள் பல கழிந்தும் மாறாமை ஆகிய இயல்புகளால் அக்கரி எழுத்துக்கு உகந்ததாயிற்று. அதே இயல்புகளாலேயே அது நெஞ்சுக்கு ஒவ்வாததாகின்றது. மூச்சோடு உட்சென்ற நுண்கரி நுரையீரலின் கடைக்கோடிச் சிற்றறைகள் வரை செல்லும். அங்குக் கரையாது தங்கும். தன் மேற்பரப்பில், அரைகுறையாய் எரிந்த எண்ணெயின் நச்சுப் பொருள்களையும் சுமந்து செல்லும். உலக நல்வாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 1988ஆம் ஆண்டில் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடும் என்று ஐயுறத்தக்க பொருள்களுள் வைத்திருந்தது. சுரங்கத் தொழிலாளர் முதலியோரிடம் நடத்திய ஆய்வுகளை எடைபோட்டு, 2012ஆம் ஆண்டு சூன் திங்களில், மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பதே என்று ஐயமறத் தீர்ப்பளித்தது.

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. அத்துணியையோ கைக்குட்டையையோ மூக்கில் கட்டிக்கொண்டால் கரும்புகையினின்று தப்பலாம் என்று எண்ணுவோர் உண்டு. அத்துணியின் கண்கள் கரித்துகளைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெரியவை. மீன்வலையால் எறும்பைப் பிடிப்பது போன்றது அம்முயற்சி. பேருந்து நிலையத்தில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும் வண்டியின் பின்னே குழந்தைகளை நிறுத்தாதிருப்பதும், கதவடைத்த கொட்டகைக்குள் வண்டியை ஓடவிடாதிருப்பதும் துணியைவிட நல்ல காப்பாகும். மின்வெட்டு மிகுந்திருந்த 2008ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஆலைகளும் கடைகளும் டீசல் மின்னாக்கிகளை நம்பி ஓடின. அம்மின்னாக்கிகளின் அருகில் நாள் முழுதும் நின்று வேலை செய்தோர் இப்புகையை எவ்வளவு உண்டிருப்பர் என்பதைக் கணக்கிட்டார் இலர்.

புகையின் நிறம் எஞ்சினின் உடல்நிலையைக் கூறும். தேர்ந்த மெக்கானிக் எஞ்சினைத் திறப்பதற்கு முன் புகைக்குழாயையே பார்ப்பார். கரும்புகை காற்றுக்கும் எண்ணெய்க்கும் உள்ள பொருத்தம் குலைந்ததைக் காட்டும். புழுதி அடைத்த ஏர் பில்டர், துளை தேய்ந்து எண்ணெயைச் சாரலாக்காமல் ஒழுகவிடும் நாசில், வெடித்த டர்போ ஹோஸ் ஆகியவை இதன் காரணங்கள். அளவுக்கு மீறிய சுமையும் அவ்வாறே. ஆரியங்காவுக் கணவாயில் ஏறும் லாரியின் ஓட்டுநர், மேல் கியரிலேயே வண்டியை இழுக்க முயன்று மிதியை அழுத்தும்போது, கிடைத்த காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் உட்சென்று கரியாக வெளிவரும். அவ்வெண்ணெய்க்கும் அவரே விலை கொடுத்துள்ளார். கியரை ஒருபடி இறக்கினால் எஞ்சின் விரைந்து சுழலும், காற்று மிகுதியாகப் புகும், புகை குறையும். நீலம் கலந்த புகை வேறு; எஞ்சின் ஆயில் உருளைக்குள் கசிந்து எரிவதன் அடையாளம் அது.

வெண்புகையில்தான் ஆராய்ச்சி வேண்டும். ஒன்று முன்னர்க் கூறிய வெறும் நீராவி. அதற்கு மணமில்லை, சிறிது தொலைவிலேயே கலைந்துவிடும், எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். மற்றொன்று குளிர்ந்த எஞ்சினில் பற்றாமல் போன டீசலின் பனிப்புகை. அது கண்ணைக் கரிக்கும், நெடி வீசும், காற்றில் நெடுநேரம் தொங்கும். மூன்றாவதே அஞ்சத்தக்கது. எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் நீர், ஹெட் கேஸ்கட் கிழிந்தமையாலோ எஞ்சினின் தலைப்பகுதி விரிசல் கண்டமையாலோ உருளைக்குள் புகுந்து ஆவியாகி வருவது அது. எஞ்சின் நன்கு சூடான பின்னும் இப்புகை ஓயாது. நாள்தோறும் ரேடியேட்டரில் நீர் குறையும். சொட்டிய இடம் எதுவும் தென்படாது. ஆயில் அளக்கும் கம்பியை உருவினால் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருக்கவும் கூடும். இக்குறிகள் காணப்பட்டால் வண்டியை அவ்விடத்திலேயே நிறுத்திவிடுதல் வேண்டும். பிஸ்டனுக்கு மேல் நீர் தேங்கிவிட்டால், காற்றைப்போல் நீர் நெருங்கிக்கொடாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். இக்குறிகளுள் ஒன்றும் இன்றிக் காலையில் மட்டும் குழாயில் நாலு துளி நீர் சொட்டினால், எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று கூறும் மெக்கானிக்கிடம் இரண்டாம் முறை கேட்டுத் தெளிதல் நலம்.

கரியைக் குறைக்கச் சட்டமும் முயன்று வந்துள்ளது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, டீசல் வண்டியின் புகைக்கு ஊடே ஓர் ஒளிக்கற்றையைச் செலுத்தி, அவ்வொளி எவ்வளவு மறைக்கப்படுகின்றது என்று அளந்து சான்றிதழ் வழங்குகின்றனர். முழுதும் மறைந்தால் 100 என்று கொண்ட அளவையில், பழைய வண்டிகளுக்கு 65 வரையிலும், 'பாரத் நிலை நான்கு' வகை வண்டிகளுக்கு 50 வரையிலும் இடம் உண்டு. இச்சோதனையில் ஒரு குறை உள்ளது. ஒளியை மறைக்கும் பருத்த கரியையே அது நன்கு காணும்; மறைக்காத நுண்துகள் எத்தனை கோடி என்பதை அது சரியாக எண்ணாது. இக்குறையை உணர்ந்தே 2023ஆம் ஆண்டில் நெதர்லாந்தும் செர்மனியும் வாகனச் சோதனையில் துகள்களை எண்ணும் கருவியைப் புகுத்தின.

2017ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் 'பாரத் நிலை நான்கு' நாடு முழுவதும் நடப்புக்கு வந்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில், ஐந்தாம் நிலையைத் தாண்டி ஆறாம் நிலை வந்தது. டீசல் கார் ஒன்று கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் துகள் வெளியிடலாம் என்றிருந்ததை, ஆறாம் நிலை 4.5 மில்லிகிராமாகக் குறைத்தது. எஞ்சினைத் திருத்தினால் மட்டும் எட்டக்கூடிய அளவன்று இது. ஆகவே புகைக்குழாயின் வழியில் ஒரு வடிகட்டி வைக்கப்பட்டது. தேனடை போன்ற பீங்கான் கட்டி அது. அதன் அறைகள் ஒன்றுவிட்டு ஒன்று அடைக்கப்பட்டிருப்பதால், புகை சுவரின் நுண்துளைகளை ஊடுருவியே வெளியேற வேண்டும். கரி சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கரியே பின்வரும் கரிக்கு வலையாகும்.

தங்கிய கரியை அவ்வப்போது எரித்தாக வேண்டும். இன்றேல் புகைவழி அடைபடும். அதற்கு 600 பாகையை ஒட்டிய வெப்பம் தேவை. எஞ்சினே சிறிது டீசலைப் பிந்திப் பீய்ச்சி அவ்வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஆனால் அப்பணி முடிய, வண்டி சீரான வேகத்தில் கால்மணி நேரமோ இருபது மணித்துளியோ ஓட வேண்டும். இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே மட்டும் போய்வரும் காருக்கு இது வாய்ப்பதில்லை. எஞ்சின் சூடேறி, வடிகட்டி எரியத் தொடங்கும்பொழுது ஊர் வந்துவிடும். ஓட்டுநர் சாவியைத் திருகி அணைத்துவிடுவார். பலமுறை இவ்வாறு நின்றுபோனால் முகப்பில் எச்சரிக்கை விளக்கு எரியும். பலர் அவ்விளக்கைக் கண்டதும் வடிகட்டியைப் பழுதென்று எண்ணிக் கழற்றி எறிய முற்படுவதாகக் கேள்வி. கழற்றினால் வண்டி முன்னைய கரியையெல்லாம் மீண்டும் ஊரின்மேல் ஊதும். விளக்கு எரிந்த அன்றே வண்டியைத் திருமங்கலம் சாலையில் கிருட்டிணன்கோவிலையும் தாண்டிச் சீராக ஓட்டித் திரும்பினால் பெரும்பாலும் அது அணைந்துவிடும். வடிகட்டி செம்மையாக உள்ள வண்டியின் குழாயினுள், எஞ்சின் ஆறிய பின்னர் வெள்ளைத் துணியைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தால், துணியில் கறை அநேகமாகப் படியாது. மார்கழி விடியலில் நீர் மட்டும் முன்போலவே சொட்டும். இப்போது தெளிந்த நீராக.